பழைய காருக்குப் புது செட்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

பழைய காரில் ஸ்டீரியோ மாற்றுவது பற்றி நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானோர் கேட்டது "எந்த செட் வாங்கலாம்?" என்பதுதான். என்னைக் கேட்டால் அது கடைசிக் கேள்வி. பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது எர்த்தும் (மைனஸ் வண்டியின் பாடித் தகட்டில் சேரும் இடம்) வயரும், அப்புறம் ஸ்பீக்கர், அப்புறம் அது உட்காரும் கதவு. இதெல்லாம் சரியாக இருந்தால் சாதாரண செட்டே நன்றாகப் பாடும். சரியில்லை என்றால் எவ்வளவு விலை கொடுத்தாலும் கரகரதான்.

கேள்வி (தாம்பரம்): அண்ணா, 2006 மாருதி 800. பழைய கேசட் செட் இருக்கு. 9 இஞ்ச் ஆண்ட்ராய்டு போடலாம்னு கடைக்காரர் சொல்றார், டாஷ்போர்டைக் கொஞ்சம் வெட்டணுமாம். பண்ணலாமா?

வெட்ட வேண்டாம். உங்கள் வண்டியில் இருப்பது சிங்கிள் டின் இடம், அதாவது 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். டபுள் டின் என்றால் அதே அகலம், உயரம் மட்டும் 100. இந்த அளவு உலகம் முழுக்க ஒன்றுதான் என்பதால் எந்தக் கம்பெனியின் சிங்கிள் டின் செட்டும் அப்படியே உள்ளே போகும். சிடி டிரைவ் இல்லாத, ப்ளூடூத்தும் யுஎஸ்பியும் மட்டும் உள்ள செட்டாகப் பாருங்கள். அவை ஆழம் குறைவாக இருக்கும், பின்னால் வயர் மடங்கிக் கிடக்க இடம் கிடைக்கும், சின்ன வண்டியில் அதுவே பெரிய நிம்மதி. மேப் பார்க்கப் போன் இருக்கிறது, ஒரு ஹோல்டர் போதும்.

பெட்டியில் "50 வாட் x 4" என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். செட்டைத் திருப்பிப் பின்னால் உள்ள ஃப்யூஸைப் பாருங்கள், பல செட்டுகளில் 10 ஆம்பியர்தான் இருக்கும். 14 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் உள்ளே போகிற கரண்டே 140 வாட், அதில் 200 வாட் வெளியே வருவது எப்படி? உண்மையான ஆர்எம்எஸ் அளவு, அதாவது விடாமல் தரக்கூடிய பவர், ஒரு சேனலுக்கு 20 வாட் பக்கம் இருக்கும். வீட்டுக்காரர் காதில் விழாமல் பாட்டு கேட்க அது தாராளம். மிச்சப் பணத்தை முன் ஸ்பீக்கரில் போடுங்கள்.

கேள்வி (சேலம்): சார், சான்ட்ரோவில் புது செட் போட்டேன். சாவியை ஆஃப் செய்தால் மணி, எஃப்எம் ஸ்டேஷன் எல்லாம் அழிந்துவிடுகிறது. செட் கோளாறா?

செட் மேல் தப்பு இருக்காது. செட்டிலிருந்து வரும் வயர்களில் மஞ்சள் எப்போதும் பேட்டரி கரண்ட் இருக்கிற லைனுக்குப் போக வேண்டும், நினைவில் வைத்திருப்பது அதன் வேலை. சிவப்பு சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைனுக்கு. உங்கள் எலெக்ட்ரீஷியன் ரெண்டையும் சேர்த்து முறுக்கிச் சாவி லைனில் கொடுத்திருப்பார், இல்லையென்றால் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கும். டெஸ்ட் லேம்ப் வைத்துச் சாவியை எடுத்த பிறகும் எதில் எரிகிறது என்று பாருங்கள், அதில் மஞ்சளைக் கொடுங்கள்.

அப்படியே அந்த ஜாயிண்ட்களையும் பார்த்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் இன்சுலேஷன் டேப்பின் பசை உருகி ஓடிவிடும், ஒரு கோடை தாண்டினால் வயர் அம்மணமாக நிற்கும். சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள், அல்லது அழுத்திப் பிடிக்கும் நல்ல கிரிம்ப். வெறும் முறுக்கலும் டேப்பும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி (திருநெல்வேலி): அண்ணே, முன்கதவு ரெண்டுக்கும் புது ஸ்பீக்கர் மாட்டினேன். பழசுல இருந்த பேஸ்கூட இதுல இல்லை. ஏமாத்திட்டானா?

மாட்டியதைப் பார்க்காமல் சொல்கிறேன், ஆனாலும் பந்தயம் கட்டலாம்: ஒரு ஸ்பீக்கருக்கு ப்ளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு கதவில் கோன் வெளியே தள்ளும்போது இன்னொன்றில் உள்ளே இழுக்கும், தாழ்ந்த ஓசை ஒன்றையொன்று தின்றுவிடும். உறுதிப்படுத்த: செட்டின் பேலன்ஸை முழுக்க இடப்பக்கம் தள்ளிக் கேளுங்கள். ஒரு ஸ்பீக்கர் மட்டும் பாடும்போது பேஸ் கூடினால் விஷயம் அதுதான்.

எந்தக் கதவில் தப்பு என்று கண்டுபிடிக்க, ஸ்பீக்கர் வயரை செட்டிலிருந்து கழற்றி ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். பேட்டரியின் ப்ளஸ் பட்ட வயர் ஸ்பீக்கரின் ப்ளஸ் என்றால் கோன் வெளியே வரும். செட் பக்கம் நிறங்கள் இப்படி: முன் இடது வெள்ளை, முன் வலது சாம்பல், பின் இடது பச்சை, பின் வலது ஊதா. அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டது மைனஸ்.

இன்னொன்று. கதவுத் தகட்டில் ஓட்டைகள் இருக்கும், ஸ்பீக்கருக்குப் பின்னால் வரும் ஓசை அது வழியாக முன்னால் வந்து கலந்துவிடும். அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் வாங்கி ஓட்டையை அடைத்து, வெளித்தகட்டின் உள்பக்கமும் ஒட்டுங்கள். கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள், கதவு துருப்பிடித்துப் போகும். செட் மாற்றுவதைவிட இந்த ஒரு நாள் வேலையில் வித்தியாசம் அதிகம் தெரியும்.

கேள்வி (கோவை): ப்ரோ, ஆண்ட்ராய்டு செட் போட்டதிலிருந்து மூணு நாள் வண்டியை எடுக்கலைன்னா ஸ்டார்ட் ஆகலை. பேட்டரி புதுசுதான்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். சின்ன காரில் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி. சாவியை எடுத்த பிறகும் செட் அரை ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தால் 70 மணி நேரத்தில் காலி. உங்கள் மூணு நாள் சரியாக வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு செட்டுகள் சட்டென்று திரை வருவதற்காக முழுக்க அணையாமல் தூங்கிக்கொண்டு கிடக்கும். முதலில் செட்டிங்கில் சாவி எடுத்ததும் முழுக்க அணையும்படி வைக்க வழி இருக்கிறதா பாருங்கள்.

அளந்து பார்க்க, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, கழற்றிய வயருக்கும் அந்த முனைக்கும் நடுவில் இணையுங்கள். கதவை மூடிவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள். 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. அதிகம் காட்டினால் செட்டின் ஃப்யூஸைப் பிடுங்குங்கள், இறங்கினால் திருடன் அகப்பட்டான். மீட்டர் நடுவில் இருக்கும்போது மறந்தும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.

கேள்வி (மதுரை): சார், ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வைத்த பிறகு ஆக்சிலேட்டர் மிதித்தால் ஸ்பீக்கரில் "உய்ய்ங்" என்று கூடவே ஏறுகிறது.

ஆல்டர்னேட்டர் சத்தம். செட்டுக்கு ஒரு இடத்தில் எர்த், ஆம்ப்புக்கு வேறு இடத்தில் எர்த், அந்த இரண்டுக்கும் நடுவே நூலிழை வோல்ட்டேஜ் வித்தியாசம் இருந்தால் அது செட்டிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிள் வழியாக ஓடிப் பாட்டோடு சேர்ந்துவிடும். பழைய வண்டியில் துருவும் பெயிண்டும் சேர்ந்து இதை மோசமாக்கும். ஆம்ப் எர்த் வயரைக் குட்டையாக வைத்து, பாடியில் பெயிண்டைச் சுரண்டி, பளபளவென்று தகடு தெரிந்த பிறகு போல்ட் போட்டு முறுக்குங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், நான் அதைத் தொடமாட்டேன். பவர் வயர் ஒரு பக்கம், ஆர்சிஏ மறுபக்கம் என்று பிரித்து இழுங்கள். நாய்ஸ் ஃபில்டர் விற்பார்கள், எர்த்தைச் சரிசெய்யாமல் அதை வாங்க வேண்டாம்.

பேட்டரியிலிருந்து வரும் பவர் வயரில் ஃப்யூஸ் இருக்கிறதா? ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். டிக்கியில் ஆம்ப்புக்குப் பக்கத்தில் ஃப்யூஸ் வைத்தால் நடுவில் வயர் உரசித் தகட்டில் பட்டால் தீப்பிடிக்கும். இதை மட்டும் இன்றைக்கே பாருங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அண்ணை, ஜப்பானிலிருந்து வந்த டொயோட்டா. பட்டரி மாத்தின பிறகு செட் ஜப்பான் எழுத்தில ஏதோ கேட்டுக்கொண்டு நிக்குது. எஃப்எம்மும் 90க்கு மேல போகுதில்லை.

ரெண்டும் வேறு வேறு பிரச்சினை. பட்டரியைக் கழற்றினால் அந்த செட் திருட்டுப் பாதுகாப்புக்காகப் பூட்டிக்கொள்ளும். திரையில் வரும் எண்ணை வைத்துத்தான் திறக்கும் குறியீடு எடுக்க வேண்டும். பல செட்டுகளில் மேப் உள்ள எஸ்டி கார்டும் அதே இடத்தில் இருக்க வேண்டும், யாராவது பாட்டு ஏற்றுவதற்காக அதை அழித்திருந்தால் செட் எழும்பாது.

ஜப்பானில் முன்பு எஃப்எம் 76இல் தொடங்கி 90 வரைதான் இருந்தது என்பதால் அதற்கு மேலே அந்தக் காலத்து செட்டுக்குத் தெரியாது. அன்டனா வயரில் பேண்ட் எக்ஸ்பாண்டர் என்று ஒரு சின்னப் பெட்டி போட்டால் எல்லா நிலையங்களையும் கீழே இறக்கித் தரும். 20 மெகாஹெர்ட்ஸ் இறக்குகிற பெட்டி என்றால் 100.5 உங்களுக்கு 80.5இல் வரும், ஆனால் 96க்குக் கீழே உள்ளவை வெளியே போய்விடும். இவ்வளவு பாடுபடுவதைவிடப் புது செட் போடுவது நல்லது என்பேன். வாங்கும்போது கவனம்: டொயோட்டாவின் இடம் 200 மில்லிமீட்டர் அகலம். சாதாரண டபுள் டின் செட் போட்டால் ரெண்டு பக்கமும் 1 சென்டிமீட்டர் சந்து தெரியும். பக்கத் துண்டுகள் விற்கிறார்கள், இல்லையென்றால் 200 மில்லிமீட்டர் செட்டே கேளுங்கள். வயரை வெட்டாமல் டொயோட்டாவுக்கான 10 பின், 6 பின் கப்ளர் (வண்டியின் ப்ளக்கில் நேராகச் செருகும் இணைப்பு) வாங்கிச் செருகலாம்.

கேள்வி (காரைக்குடி): அப்பாவின் அம்பாசடர். பழைய செட் பார்க்க அழகாக இருக்கிறது, பாடவில்லை. முகம் மாறாமல் ப்ளூடூத் வேண்டும், முடியுமா அண்ணா?

தாராளமாக முடியும், எனக்கு ரொம்பப் பிடித்த வேலையும் இதுதான். பழைய செட் அப்படியே பார்வைக்கு இருக்கட்டும். க்ளவ் பாக்ஸிலோ டாஷுக்கு அடியிலோ ப்ளூடூத் உள்ள சின்ன 12 வோல்ட் ஆம்ப் ஒன்றை ஒளித்து வையுங்கள், பின்சீட்டுக்குப் பின்னால் உள்ள தட்டில் ஸ்பீக்கர்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து செட்டுகளில் ஸ்பீக்கரின் மைனஸைப் பாடியிலேயே எர்த் செய்துவிட்டு ஒற்றை வயர் மட்டும் இழுப்பது உண்டு. இன்றைய ஆம்ப்புகளுக்கு அது ஆகாது, மைனஸ் வயர் தகட்டில் பட்டால் ஐசி போய்விடும். பழைய ஸ்பீக்கர் வயரை நம்பாமல் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் புதிதாக ரெண்டு வயர் இழுங்கள்.

கேள்வி (திருச்சி): செட் மாத்தினதும் எஃப்எம் இரைச்சல். பழசில் நல்லா வந்தது.

கூரையில் குட்டை ஆண்டெனா இருந்தால் அதன் அடியில் பூஸ்டர் இருக்கும், அதற்கு 12 வோல்ட் வேண்டும். செட்டின் நீல வயரை அதற்குக் கொடுக்காமல் விட்டிருப்பார்கள். கொடுத்தால் சரியாகிவிடும்.

கேள்வி (வேலூர்): ஓடும்போது வீடியோ வரமாட்டேங்குது. ஹேண்ட்பிரேக் வயரை எர்த்தில் கொடுத்தா வரும்கிறாங்க.

வரும். அதனால்தான் சொல்லமாட்டேன். பாட்டு கேளுங்கள்.

கேள்வி (ஆவடி): எங்க வாங்கி எங்க மாட்டலாம் அண்ணா?

சென்னையில் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. நாலு கடை ஏறி இறங்கி விலை கேளுங்கள். வாங்கும்முன் கேட்க வேண்டியது ஒன்றே: "வண்டி வயரை வெட்டுவீங்களா, கப்ளர் போடுவீங்களா?" வெட்டுவோம் என்றால் அடுத்த கடை. கப்ளருக்கு ஆகும் சில நூறு ரூபாயைப் பார்த்துத் தயங்காதீர்கள், நாளைக்கு வண்டியை விற்கும்போது பழைய செட்டைத் திரும்ப மாட்டிக் கொடுக்கலாம். கழற்றிய செட், ஃப்ரேம், ஸ்க்ரூ எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வாருங்கள். கேட்காவிட்டால் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். விலை உயர்ந்த செட் என்றால் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது அதையும் தனியாகச் சொல்லிச் சேர்த்துவிடுங்கள், பில் பத்திரம்.