ஆப் யார் போனில் இருக்க வேண்டும்?

அன்புள்ள அண்ணாச்சி,

எனக்குச் சொந்த ஊர் முக்கூடல். வேலை சென்னையில். அப்பாவுக்கு அறுபது நெருங்குகிறது, தினம் ஒரு கட்டு பீடி. ராத்திரி முழுக்க இருமுகிறார். போன தடவை ஊருக்கு வந்தபோது, புகையை விட உதவும் ஆப் ஒன்றை அவர் போனில் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாளுக்கு மேல் அதைத் திறக்கவில்லை. கேட்டால், "அது சும்மா அடிச்சிக்கிட்டே கெடக்கு" என்கிறார். நானும் ஆபீஸில் ஐந்தாறு சிகரெட் பிடிப்பேன், அது வேறு. இந்த ஆப்களால் உண்மையிலேயே பயன் உண்டா?

மு.

அன்புள்ள மு.,

பயன் உண்டு. ஆனால் நீங்கள் அதைப் போட்டிருக்க வேண்டியது உங்கள் போனில்.

2020ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 2,415 பேருக்கு இரண்டு ஆப்களில் ஏதாவது ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்து ஒரு ஆப்பில் நூற்றுக்கு 28 பேர் விட்டிருந்தார்கள், மற்றதில் 21 பேர். 28 பேர் விட்ட ஆப், ஆசையை அடக்கச் சொல்லவில்லை. ஆசை வருவதையும் போவதையும் கவனிக்கப் பழக்கியது. நல்ல கணக்குதான். ஆனால் அதில் சேர்ந்தவர்கள் புகையை விட வேண்டும் என்று தாங்களே வந்தவர்கள், ஆங்கிலம் வாசிப்பவர்கள், சிகரெட் பிடிப்பவர்கள். உங்கள் அப்பா இதில் எதில் சேர்த்தி? எத்தனை சிகரெட், பாக்கெட் என்ன விலை என்றுதான் பெரும்பாலான ஆப்கள் ஆரம்பிக்கும். காதில் செருகிய பீடிக்கு அதில் இடமே இல்லை.

அடுத்து, வீட்டில் இருக்கும் புகையிலையையெல்லாம் தூக்கி எறியுங்கள் என்று சொல்லும். பீடி சுற்றும் ஊரான முக்கூடலில் இதை யாரிடம் சொல்வது? உங்கள் அம்மாவும் பீடி சுற்றுகிறவர் என்றால், சுளகில் கிடக்கும் தூள்தான் வாரக் கூலி. அவர் இலை வெட்டி, தூள் வைத்து, நூல் கட்டுகிற அதே வீட்டில்தான் அப்பா ஆசையை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். எந்த ஆப்பும் இதை யோசித்திருக்காது. ஆனால் பெண்கள் நாலு பேர் ஒரு திண்ணையில் கூடிச் சுற்றுவது நம் பக்கத்து வழக்கம்தானே. அப்பா பீடியை விட்ட முதல் இரண்டு மூன்று வாரம் சுளகு பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் போகட்டும். முதல் மூன்று நாள்தான் ரொம்பக் கஷ்டம். எரிச்சல், தூக்கமின்மை, காரணமில்லாத கோபம் எல்லாம் வரும். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பாவம், திட்டு வாங்கப் போவது அவர்தான்.

பீடி இலையில் சுற்றியது, சிகரெட் மாதிரி கெடுதல் இல்லை என்று நம் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பீடி அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அதனால் உள்ளே போகும் நிகோடினும் தாரும் சிகரெட்டை விடக் குறைவாக இருப்பதில்லை.

அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி? ரத்தத்தில் நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். ராத்திரி தூங்கி எழும்போது அநேகமாகக் காலி. கருக்கலில் எழுந்த ஐந்து நிமிடத்துக்குள் பற்றவைக்கிறார் என்றால் பிடி பலமாக இருக்கிறது, மன உறுதியை மட்டும் நம்பிப் பயனில்லை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இருமலையும் அப்போதே காட்டிவிடலாம், அதைத் தள்ளிப் போட வேண்டாம். நிகோடின் சூயிங்கம் கொடுத்தால் சாதாரண பபிள்கம் மாதிரி மென்றுகொண்டே இருக்கக் கூடாது. கொஞ்சம் மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். டீயோ காபியோ குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் மருந்து சரியாக உள்ளே இறங்காது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தே போட்டுக்கொண்டு, ஒன்றும் கேட்கவில்லை என்பார், பாருங்கள்.

அப்புறம், 1800-11-2356. புகையிலையை விட விரும்புகிறவர்களுக்காக 2016ல் தொடங்கிய தேசிய இலவச எண். தமிழிலும் பேசலாம். அவர்களே திரும்பக் கூப்பிட்டும் விசாரிப்பார்கள். அப்பாவின் தலைமுறைக்குப் போன் என்றால் பேசுவதற்குத்தான். ஆனால் அழைப்பது அவராக இருக்க வேண்டும். நீங்கள் சென்னையிலிருந்து தினமும் "இன்னைக்கு எத்தனை?" என்று கேட்டால், குறைத்துச் சொல்லப் பழகிக்கொள்வார், அவ்வளவுதான்.

இனி உங்கள் ஐந்தாறு சிகரெட். வேறு என்று எப்படி எழுத முடிந்தது? ஆங்கிலம் தெரிந்த, நாள் முழுக்கப் போனும் கையுமாக இருக்கிற ஆள் நீங்கள். அந்த ஆய்வில் சேர்த்துக்கொண்டது உங்களைப் போன்றவர்களைத்தான். அப்பா போனிலிருந்து அந்த ஆப்பை எடுத்துவிடுங்கள். உங்கள் போனில் போட்டு, ஒரு தேதி குறியுங்கள். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, எப்படி இருக்கிறது என்று அப்பாவிடம் நீங்கள் சொல்லலாம். குறிப்பாக அந்த மூன்றாவது நாளைப் பற்றி.