மினேட்டா எங்கே தாவினார்?

கேள்வி: நார்மன் மினேட்டா என்ற அமெரிக்க எம்.பி. 20 வருடம் ஜனநாயகக் கட்சியில் இருந்துவிட்டு, குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் கூப்பிட்டதும் ஓடிப்போய் அமைச்சராகிவிட்டார் என்று படித்தேன். பதவி என்று வந்துவிட்டால் அமெரிக்காவிலும் கொள்கை காற்றில்தானா? – ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: தாவினார் என்றால் எங்கிருந்து எங்கே? 2001 ஜனவரியில் புஷ் அவரைப் போக்குவரத்துத் துறைக்குக் கூப்பிட்டபோது அவர் எம்.பி.யே கிடையாது. 1995-லேயே ராஜினாமா செய்துவிட்டார். இங்கே எம்.பி. ஆனால்தான் அமைச்சராக நீடிக்கலாம். அங்கே இரண்டையும் ஒருவரே வைத்துக்கொள்ளக் கூடாது என்று அரசியல் சட்டமே சொல்கிறது. ஆக, மினேட்டா வந்ததால் புஷ்ஷுக்கு சபையில் ஒரு ஓட்டுகூடக் கூடவில்லை. கட்சியையும் அவர் மாற்றவில்லை. ஐந்தரை வருடம் அந்த அமைச்சரவையில் ஒரே ஜனநாயகக் கட்சிக்காரராகவே உட்கார்ந்திருந்தார்.

இது புதுசும் இல்லை. 1997-ல் கிளின்டன் தன் பாதுகாப்பு அமைச்சராக வில்லியம் கோஹனை வைத்துக்கொண்டார். அவர் குடியரசுக் கட்சி செனட்டராக இருந்தவர். புஷ்ஷிடமும் கணக்கு இல்லாமல் இல்லை. 2000 தேர்தல் சுப்ரீம் கோர்ட் வரை போய் முடிந்திருந்த நேரம். எதிர்முகாமிலிருந்து ஒரு முகம் இருந்தால் நல்லதுதானே? தவிர, மினேட்டா சபையில் போக்குவரத்துக் குழுவுக்கே தலைவராக இருந்தவர். கிளின்டனின் கடைசி மாதங்களில் வர்த்தக அமைச்சராகவும் இருந்தார். ஆசிய வம்சாவளியில் முதல் அமெரிக்க அமைச்சர் அவர்தான்.

சரி, கொள்கைக்கு வருவோம். அதைப் புரிந்துகொள்ள 1942-க்குப் போக வேண்டும். ஜப்பானோடு போர். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் பிறந்து வளர்ந்த பத்து வயதுப் பையன் நார்மன், ஜப்பானிய வம்சாவளி என்பதால் குடும்பத்தோடு ரயிலேற்றப்படுகிறான். போட்டிருப்பது சாரணர் சீருடை, கையில் பேஸ்பால் மட்டை. மட்டை ஆயுதமாம், சிப்பாய் பிடுங்கிக்கொண்டார். அங்கிருந்து ஒரு குதிரைப் பந்தய மைதானம், அப்புறம் வயோமிங்கில் முள்வேலிக்குள் ஹார்ட் மவுன்டன் முகாம். இப்படி அடைக்கப்பட்டவர்கள் சுமார் 1,20,000 பேர். பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அந்த முகாமுக்கு வந்துபோன உள்ளூர் சாரணர்களில் ஒருவன் ஆலன் சிம்ப்சன். பின்னாளில் குடியரசுக் கட்சி செனட்டர். கட்சி வேறு, நட்பு மட்டும் கடைசி வரை.

அந்தப் பையன் நார்மன் 1971-ல் சான் ஹோசே மேயர், 1975-ல் எம்.பி. முகாமில் இருந்தவர்களிடம் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் தரவேண்டும் என்ற சட்டத்துக்காகச் சபையில் முன்னால் நின்றவர்களில் ஒருவர். 1988 ஆகஸ்டில் அன்றைய அதிபர் ரீகன் கையெழுத்துப் போட்டார். இதற்கிடையில் மட்டையின் கதையைக் கேள்விப்பட்ட யாரோ ஒருவர் 1,500 டாலர் பெறுமான மட்டை ஒன்றைப் பரிசாக அனுப்ப, எம்.பி. அவ்வளவு விலையுள்ள பரிசு வாங்கக் கூடாது என்ற விதியால் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அரசாங்கம் மறுபடியும் என் மட்டையைப் பிடுங்கிவிட்டது என்று சொல்லிச் சிரிப்பாராம்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு வருவோம். பறந்துகொண்டிருந்த சுமார் 4,500 விமானங்களையும் இறக்கியவர் மினேட்டா என்று எழுதுவார்கள். அது முழுக்கச் சரியில்லை. அந்த உத்தரவைப் போட்டவர் விமானப் போக்குவரத்துத் துறையின் பென் ஸ்லைனி என்கிறது விசாரணைக் கமிஷன் அறிக்கை. அந்தப் பொறுப்பில் ஸ்லைனிக்கு அதுதான் முதல் நாள்!

மினேட்டாவை எடைபோட வேண்டியது அடுத்து வந்த நாட்களை வைத்துத்தான். அரபு முகமாகத் தெரிந்தவர்களை விமானத்திலிருந்து இறக்கிவிடத் தொடங்கியிருந்தார்கள். பத்தே நாளில், பாகுபாடு காட்டுவது சட்டவிரோதம் என்று அவருடைய துறை விமான நிறுவனங்களை எச்சரித்தது. அந்த டிசம்பரில் ஒரு டி.வி. பேட்டி. ஃபுளோரிடாவிலிருந்து வரும் 70 வயது வெள்ளைக்காரப் பாட்டிக்கும், நியூஜெர்சியிலிருந்து வரும் முஸ்லிம் இளைஞனுக்கும் ஒரே சோதனைதானா என்று கேட்டார்கள். அப்படித்தான் இருக்கும் என்று நம்புகிறேன் என்றார். புஷ்ஷின் சொந்தக் கட்சி ஆதரவாளர்களே அவரை வறுத்தெடுத்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. பிறகு யுனைடெட், அமெரிக்கன் இரண்டு நிறுவனங்களும் ஆளுக்கு 15 லட்சம் டாலர் செலவழித்து ஊழியர்களுக்கு இதில் பயிற்சி தர ஒப்புக்கொண்டன. 1942-ல் நார்மனுக்கு நடந்தது திரும்ப நடக்கக் கூடாது என்று புஷ்ஷே அமைச்சரவையில் சொன்னதாக மினேட்டா சொல்லிக்கொண்டிருந்தார். கொள்கையைக் காற்றில் விட்டவர் பேச்சா இது?

குறை சொல்லியே தீர வேண்டுமா? கட்சியை விடுங்கள். 1995-ல், மக்கள் ஓட்டுப் போட்டுத் தந்த பதவியைப் பாதியில் விட்டுவிட்டு அவர் போனது லாக்ஹீட் மார்ட்டின் என்ற ராணுவத் தளவாட நிறுவனத்துக்கு. சபையில் போக்குவரத்தைப் பார்த்தவர், அங்கே போயும் போக்குவரத்துப் பிரிவைத்தான் பார்த்தார். 2006-ல் அமைச்சர் பதவியை விட்டதும் ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு (பிஆர்) நிறுவனத்தில் துணைத் தலைவர். இரண்டுமே அங்கே சட்டப்படி சரி. அதைப் பற்றி ஏன் கேட்கவில்லை நீங்கள்?