ஆன்சைட் போகுமுன் சி.ஓ.சி. வாங்கினீர்களா?
வாசகர் கேள்வி – பதில்

நிறுவனம் என்னை மூன்று ஆண்டுகளுக்கு மியூனிக் அனுப்புகிறது. இங்கே பி.எஃப்., அங்கே பென்ஷன் என்று இரண்டு பிடித்தமும் வருமா? – வாசகர், கோவை

இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அதன்படி, நீங்கள் இந்தியாவில் பி.எஃப். கட்டுபவர் என்று காட்டும் சி.ஓ.சி. எனப்படும் கவரேஜ் சான்றிதழ் இருந்தால் ஜெர்மன் பென்ஷனும் வேலையின்மைக் காப்பீடும் பிடிக்க மாட்டார்கள். இந்தியாவில் பி.எஃப். மட்டும் தொடரும். சான்றிதழ் இல்லாவிட்டால், மாதம் 5,000 யூரோ சம்பளத்தில் பென்ஷனுக்கு 9.3%, வேலையின்மைக்கு 1.3% என உங்கள் பங்கே 530 யூரோ. நிறுவனமும் அதே அளவு கட்ட வேண்டியிருக்கும். மருத்துவக் காப்பீடு மட்டும் இதில் அடங்காது. அதைத் தனியாக எடுத்தே ஆகவேண்டும்.

பி.எஃப். நிதியை நிர்வகிக்கும் இ.பி.எஃப்.ஓ.வின் இணையதளத்தில் சர்வதேச ஊழியர்களுக்கான பகுதியில் விண்ணப்பம் இருக்கிறது. யு.ஏ.என். (உங்கள் நிரந்தர பி.எஃப். எண்), பாஸ்போர்ட் விவரம், ஜெர்மனி அலுவலகத்தின் பெயர், முகவரி, பணி தொடங்கும், முடியும் தேதிகள் ஆகியவற்றை நிரப்பி, நீங்களும் நிறுவனமும் கையெழுத்திட்டு மண்டல அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டும். நம்மூர்க்காரர்களுக்குச் சிக்கல் பெரும்பாலும் பெயரில்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், யு.ஏ.என்.-இல் வெறும் இனிஷியல். இதை முதலில் சரிசெய்யுங்கள். பணி ஆணையில் இருக்கும் தேதிகளும் விண்ணப்பத்தில் இருப்பவையும் ஒன்றாக இருக்கட்டும். விமானம் ஏறுவதற்கு முன்பே சான்றிதழ் கையில் இருப்பது நல்லது.

ஜெர்மனிக்கான சான்றிதழ் 48 மாதம் வரை செல்லும். இரு நாடுகளும் ஒப்புக்கொண்டால் 60 வரை நீட்டலாம். பணி நீள்கிறது என்று தெரிந்தால், பழைய சான்றிதழ் காலாவதியாகும் முன்பே நீட்டிப்பு கேளுங்கள்.

நான் ஜெர்மன் கம்பெனியிலேயே நேரடியாகச் சேர்ந்தவன். எனக்கும் கிடைக்குமா? – வாசகர், திருச்சி

கிடைக்காது. இந்திய நிறுவனம் அனுப்பி, அதன் ஊழியராகவே தொடர்பவர்களுக்குத்தான் சி.ஓ.சி.

நீங்கள் கட்டிய பென்ஷன் பணம் வீணாகாது. 60 மாதத்துக்குக் குறைவாகக் கட்டியிருந்து ஊர் திரும்பினால், 24 மாதம் கழித்து உங்கள் பங்கைத் திரும்பக் கேட்கலாம். நிறுவனத்தின் பங்கு வராது. அப்படி வாங்கிவிட்டால் அந்த ஆண்டுகள் பென்ஷன் கணக்கிலிருந்து போய்விடும். வாங்காமல் விட்டால், ஒப்பந்தப்படி இந்தியக் காலத்தையும் சேர்த்துத் தகுதி பார்ப்பார்கள். பென்ஷன் வயது தொலைவில் இருந்தாலும், அவசரப்பட்டு எடுப்பதைவிடக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

பலருக்கும் தெரியாத ஒன்று: அங்கே கட்டிவிட்டு வந்து இங்கு வேலையில் சேர்ந்தால் பி.எஃப். சட்டத்தில் நீங்கள் ‘சர்வதேச ஊழியர்’. பி.எஃப். கணக்கிட வைத்திருக்கும் 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பு உங்களுக்குப் பொருந்தாது. அடிப்படைச் சம்பளம் ஒரு லட்சம் என்றால் 1,800 அல்ல, 12,000 ரூபாய் பிடிப்பார்கள். சி.ஓ.சி.யுடன் போய்வந்தவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

கம்பெனிக்குள்ளேயே மாற்றலாகிப் போகிறவர்களுக்கான எல்-1 விசாவில் அமெரிக்கா போகிறேன். சி.ஓ.சி. வாங்கலாமா? – வாசகர், சென்னை

அமெரிக்காவோடு இந்தியாவுக்கு இத்தகைய ஒப்பந்தம் இல்லை. அங்குள்ள சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு பென்ஷனுக்கு 6.2%, மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு 1.45% போகும். பென்ஷன் தகுதிக்கு 40 கிரெடிட், அதாவது குறைந்தது பத்து ஆண்டு வேலை வேண்டும். மூன்றே ஆண்டில் திரும்புபவருக்குப் பெரும்பாலும் போன பணம் போனதுதான்.

எங்கள் ஸ்ரீபெரும்புதூர் ஆலைக்கு ஜப்பான் பொறியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு வருகிறார்கள். சம்பளத்தில் பாதியை டோக்கியோவிலேயே தருகிறோம். அதற்கும் பி.எஃப். உண்டா? – வாசகர், காஞ்சிபுரம்

ஜப்பான் பென்ஷன் அலுவலகத்தின் சான்றிதழ் இருந்தால் எதற்கும் இல்லை. 2016 அக்டோபர் 1 முதல் இரு நாட்டுக்கும் ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. சான்றிதழ் இல்லாவிட்டால் முதல் நாளிலிருந்தே பி.எஃப். உண்டு, டோக்கியோவில் தரும் பகுதியும் சேரும். இங்கே 2 லட்சம், அங்கே 3 லட்சம் என்றால் 5 லட்சத்துக்கு 12%: ஊழியர் பங்கு 60,000, உங்கள் பங்கு 60,000. இந்தியாவில் தந்த தொகைக்கு மட்டும் கட்டிவிட்டு, ஆய்வின்போது வட்டி, அபராதத்தோடு மீதியைக் கட்டுவது பரவலாக நடக்கிறது.

இங்கே பி.எஃப். கட்டிய ஒப்பந்த நாட்டுக்காரர் வேலையை விட்டதும் பணத்தை எடுக்கலாம். ஒப்பந்தம் இல்லாத நாட்டவரான அமெரிக்கர் போன்றவர்கள் 58 வயது வரை காத்திருக்க வேண்டும். சர்வதேச ஊழியர்களுக்கான இந்தத் தனி பி.எஃப். விதியே செல்லாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் சொன்னது. செல்லும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில் சொன்னது. பெங்களூருத் தீர்ப்பை நம்பி இங்கே பிடித்தத்தை நிறுத்திவிடாதீர்கள்.