மியூனிக்கா, ஸ்டுட்கார்ட்டா, கெம்னிட்ஸா?

'அண்ணா' என்று எழுதிவிட்டாய், அதனால் உரிமையோடு நீ என்றே பேசுகிறேன்ம்மா. நீ சொன்னதை நான் புரிந்துகொண்டது இப்படி: திருச்சியில் மெக்கானிக்கல் முடித்து, ஸ்ரீபெரும்புதூரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் மெஷினிங் பிரிவில் இரண்டு வருடம் வேலை. இப்போது ஜெர்மனியில் மாஸ்டர்ஸுக்கு மூன்று இடங்களில் அட்மிஷன். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல், ஸ்டுட்கார்ட்டில் கோமாஸ் (கணினி வழி இயக்கவியல் படிப்பு), கெம்னிட்ஸில் அட்வான்ஸ்டு மேனுஃபாக்சரிங். மியூனிக் என்றதும் அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கக் கிளம்பிவிட்டார். போகட்டுமா என்று கேட்கிறாய்.

பத்திரம் வீட்டிலேயே இருக்கட்டும். கெம்னிட்ஸ் போ. ஏன் என்று சொல்கிறேன், படித்துவிட்டு நீயே முடிவு செய்.

முதலில் பணம். ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று ஊரில் சொல்வது இப்போது பாதிதான் உண்மை. ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து மாஸ்டர்ஸுக்கு, படிப்பைப் பொறுத்து, செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. உன் கடிதத்தில் 6,000 என்று இருக்கிறது. கட்டணச் சலுகை உண்டு, விண்ணப்பித்துப் பார்க்கலாம், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடக்கூடாது. கெம்னிட்ஸில் கல்விக் கட்டணம் கிடையாது. எல்லா இடத்திலும் வாங்கும் சிறிய செமஸ்டர் பங்களிப்பு மட்டும்தான்.

இதெல்லாம் உனக்கும் தெரிந்திருக்கும். உன் கணக்கில் விட்டுப்போனது வேறொன்று. நான்கு செமஸ்டர் என்று போட்டிருக்கிறாய். அது காகிதத்தில் உள்ள காலம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற நம் பிள்ளைகளில் ஐந்து, ஆறு செமஸ்டர் எடுப்பவர்கள்தான் அதிகம். நான் ஏழு எடுத்தேன். அதனால் "மொத்தம் எவ்வளவு" என்று கேட்பதைவிட "ஒரு செமஸ்டர் தள்ளிப்போனால் எவ்வளவு" என்று கேட்டுப் பார். மியூனிக்கில் ஒரு அறைக்கே 700, 800 யூரோ போய்விடும். சாப்பாடு, காப்பீடு எல்லாம் சேர்த்து மாதம் 1,200க்குக் குறையாது. ஆறு மாதத்துக்கு 7,200, கட்டணம் 6,000. ஒரே ஒரு செமஸ்டர் தாமதமானால் 13,200 யூரோ. யூரோ நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிற இன்றைக்கு அது 13 லட்சத்துக்கு மேல். கெம்னிட்ஸில் மாணவர் விடுதி அறை 300 யூரோவைச் சுற்றிக் கிடைக்கும். மாதம் 800இல் ஓட்டலாம். அங்கே அதே தாமதத்துக்கு ஐந்தாயிரம் யூரோ. அதைப் பகுதிநேர வேலையிலேயே சமாளித்துவிடலாம், அப்பாவுக்குப் போன் போட வேண்டியிருக்காது.

விசாவுக்காக முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுண்ட்) கட்டும் 11,904 யூரோவைக் கட்டணத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே. அது உன் பணம். மாதம் 992 யூரோ வீதம் உன் கணக்குக்கே திரும்பி வரும். மியூனிக்கில் அந்த 992 போதாது, கெம்னிட்ஸில் மிச்சமாகும். வித்தியாசம் அவ்வளவுதான்.

இனி பொருத்தம். பணத்தைவிட இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அடிபட்டது இங்கேதான்.

2011இல் வந்தேன். கோவில்பட்டியில் படித்து, கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் உற்பத்திப் பிரிவில் இருந்தவன் நான். பெரிய பெயர் உள்ள பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது என்ற சந்தோஷத்தில் பாடத்திட்டத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. போன பிறகு பார்த்தால் முக்கால்வாசி கட்டுப்பாட்டுக் கோட்பாடும் கணிதமும். ஒரு பாடத்தில் இரண்டு முறை தோற்றேன். இங்கே பெரும்பாலான இடங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று முயற்சிதான். மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள், அதே படிப்பை ஜெர்மனியில் வேறெங்கும் தொடர முடியாது.

இரண்டாவது முறை தோற்ற பிறகு விடைத்தாளைப் பார்க்கும் நாள் ஒன்று வந்தது. க்ளவ்சூர்-ஐன்சிஷ்ட் என்பார்கள், அதைத் தவறவிடாமல் போ. ஒரு மேஜையில் என் தாளை வைத்து, பென்சில்கூட எடுக்கக்கூடாது என்று சொல்லி, இருபது நிமிடம் கொடுத்தார்கள். முதல் கணக்கில் சமன்பாடு சரி, விடையும் சரி. பத்தில் மூன்று மதிப்பெண். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல்: "வாரும்?" ஜெர்மன் மொழியில் 'ஏன்' என்று அர்த்தம். இந்த இடத்தில் இந்தச் சமன்பாடு ஏன் பொருந்தும், எந்த அனுமானத்தில் பொருந்தும் என்று நான் ஒரு வரிகூட எழுதவில்லை. நம் ஊரில் முழு மதிப்பெண் வாங்கித் தந்த பழக்கம் அது. அன்று ரயிலில் அறைக்குத் திரும்பும்போது அந்தச் சொல்லைத் தவிர வேறெதுவும் மனதில் இல்லை. மூன்றாவது முறைக்கு நான்கு மாதம் வேறு எதையும் தொடாமல் படித்துத் தேறினேன். அந்த நான்கு மாதமும் இரவில் கிடங்கில் பெட்டி கட்டினேன். அப்பா வாங்கிய கடனுக்கு வட்டி ஊரில் ஓடிக்கொண்டிருந்தது.

அதனால் உன் மூன்று அட்மிஷனையும் இப்படிச் சோதித்துப் பார். ஒவ்வொரு படிப்புக்கும் மொடுல்ஹாண்ட்புக் என்று ஒரு கோப்பு இணையத்தில் இருக்கும். எந்தப் பாடம், எத்தனை கிரெடிட், தேர்வு எழுத்தா வாய்மொழியா, எல்லாம் அதில் இருக்கும். முதல் இரண்டு செமஸ்டரின் கட்டாயப் பாடங்களில் மூன்றை எடு. அந்தப் பாடங்களின் பழைய வினாத்தாள் கிடைக்குமா என்று ஃபாக்‌ஷாஃப்ட் எனப்படும் துறை மாணவர் சங்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடு. பல இடங்களில் உதவுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்டுப் பார். விடை வராவிட்டால் பரவாயில்லை. உட்கார ஆசை வருகிறதா என்று பார்.

கோமாஸ் நல்ல படிப்பு. கண்டினியூவம் மெக்கானிக்ஸ், ஃபைனைட் எலிமென்ட் என்று கணினியில் பொருள்களின் நடத்தையைக் கணக்கிடுவது. அதில் ஊறியவர்களுக்கு அருமையான இடம். ஆனால் நீ உன் வேலையைப் பற்றி எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒரு கிராங்க் ஷாஃப்டில் அதிர்வுக் கோடு விழுந்துகொண்டே இருந்தது, டூல் ஹோல்டரை மாற்றி, ஃபீடைக் குறைத்து, மூன்றாம் நாள் சரி செய்தேன் என்று நீ எழுதிய பத்தியில்தான் உன் சந்தோஷம் தெரிகிறது. கணிதத்தைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறாய், அதுவும் பயத்தோடு. உனக்கான படிப்பு எது என்று நீயே எழுதிவிட்டாய்ம்மா.

மெஷின் டூல் (உலோகத்தை வெட்டிக் கடையும் இயந்திரம்) என்றால் கெம்னிட்ஸ் சாதாரண ஊர் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாக்சனியின் மான்செஸ்டர் என்று பெயர் எடுத்த ஊர். கிழக்கு ஜெர்மனி காலத்தில் கார்ல் மார்க்ஸ் நகரம் என்று பெயர் மாற்றினார்கள், 1990இல் பழைய பெயர் திரும்பியது. இயந்திரக் கருவிகளுக்கும் உலோக உருவாக்கத்துக்குமான ஃப்ரவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தின் தலைமையிடம் அங்கேதான். அங்கே மாணவ உதவியாளராக ஒரு வருடம் நின்றால், அது உன் சுயவிவரத்தில் பல்கலைக்கழகப் பெயரைவிடக் கனமாக இருக்கும். ஆள் எடுக்கும் கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

கெம்னிட்ஸின் குறைகளையும் மறைக்கக்கூடாது. 2018 ஆகஸ்டில் அங்கே வெளிநாட்டவருக்கு எதிராகக் கலவரம் நடந்தது. அங்கே படித்த நம் பெண்கள் இருவரிடம் பேசியிருக்கிறேன். வளாகத்தில் தொல்லை இல்லை, இரவில் ஊர் மையத்தில் தனியாகச் சுற்றுவதில்லை என்றார்கள். பெரிய கம்பெனிகள் குறைவு, தீசிஸுக்கோ வேலைக்கோ வேறு ஊருக்கு நகர வேண்டி வரலாம். லைப்சிக் ஒரு மணி நேர ரயில். தமிழ்க் கடையும் கோயிலும் ஸ்டுட்கார்ட் பக்கம் கிடைக்கிற மாதிரி கிடைக்காது. நான் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் எஸ்லிங்கனில் இருக்கிறேன். நீ ஸ்டுட்கார்ட் வந்தால் வாரம் ஒருமுறை எங்கள் வீட்டில் சாப்பிடலாம், என் மனைவிக்கும் அதுதான் ஆசை. ஆனால் சாப்பாட்டுக்காகப் படிப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது.

வேலை நிலவரத்தையும் தெரிந்துகொண்டு வா. வோக்ஸ்வாகன் 2030க்குள் 35,000 பணியிடங்களைக் குறைப்பதாக 2024 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டது. உதிரிபாகம் செய்யும் இசட்எஃப் நிறுவனமும் ஆயிரக்கணக்கில் குறைக்கிறது. இந்த நேரத்தில் ஆள் எடுப்பவர்கள் முதலில் பார்ப்பது ஜெர்மன் மொழியை. படிப்பு ஆங்கிலத்தில் என்பதால் ஜெர்மனில் ஏ2 என்ற ஆரம்ப நிலை போதும் என்று எழுதியிருக்கிறாய். போதாது. பட்டறையில் உன்னோடு நிற்கும் மெஷின் ஆபரேட்டர் ஆங்கிலம் பேச மாட்டார். கிளம்புவதற்கு முன் அடுத்த நிலையான பி1 முடி, முதல் வருடத்திலேயே அதற்கும் மேலான பி2. மியூனிக்குக்குக் கட்ட நினைத்த பணத்தில் சிறு பங்கு போதும் இதற்கு. படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாத விசா தருகிறார்கள். மொழி இல்லாதவர்களுக்கு அந்த 18 மாதம் எவ்வளவு சீக்கிரம் கரைந்தது என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

அப்புறம், அப்பாவிடம் பேசுவது. பெயரை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வராது, என் அப்பாவுக்கும் வரவில்லை. வாதம் செய்யாதே. ஒரு தாளில் மூன்று ஊரையும் எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு செமஸ்டர் தள்ளிப்போனால் ஆகும் தொகையை ரூபாயில் போட்டுக் காட்டு. அதற்குக் கீழே ஃப்ரவுன்ஹோஃபர் பற்றி இரண்டு வரி எழுது. இயந்திரம் என்றால் என்ன என்று தெரிந்தவர் என்றாயே, அவருக்குப் புரியும்.

கெம்னிட்ஸ் மாணவர் விடுதிக்கு மட்டும் இன்றைக்கே விண்ணப்பித்துவிடு. விசா வரும்வரை காத்திருக்காதே. மியூனிக்குக்கு 'வரவில்லை' என்று எழுதுவதை அப்பாவிடம் பேசிய பிறகு வைத்துக்கொள்.