சித்தப்பாவின் சட்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நூறாண்டுப் போர் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். ‘1316இல் ஒரு சிறுமிக்கு அநியாயம் நடந்தது, 1337இல் அதற்கு வட்டி கட்ட வேண்டியிருந்தது’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். பிரான்சின் பழமையான சாலிக் சட்டப்படி பெண்கள் அரியணை ஏற முடியாது, அதனால்தான் தாய்வழியில் வந்த இங்கிலாந்து எட்வர்டின் உரிமை எடுபடவில்லை என்றே படித்தேன். அப்படியே கற்பித்தும் வருகிறேன். சட்டப்படி நடந்தது எப்படி அநியாயமாகும்? இன்னொன்று, தீயில் எரிக்கப்பட்ட, டெம்ப்ளர் என்ற துறவி வீரர் அமைப்பின் தலைவர் இட்ட சாபம்தான் அந்தப் பிரெஞ்சு அரச வம்சத்தை அழித்தது என்கிறார்களே, உண்மையா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

சாபத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தத் தலைவர் ழாக் தெ மொலே எரிக்கப்பட்டது 1314 மார்ச்சில். அதே ஆண்டில் போப்பும் இறந்தார், பிரான்ஸ் அரசன் நான்காம் பிலிப்பும் இறந்தான். கதை கட்ட இதைவிட என்ன வேண்டும்? ஆனால் வம்சம் அழிந்தது என்பதே பாதிப் பொய். பிலிப்பின் மூன்று மகன்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் பெண்களாக இருந்தார்கள், அவ்வளவுதான். பெண்ணைக் கணக்கில் சேர்க்காதவர்களுக்குத்தான் அங்கே சாபம் தெரியும்.

இனி சட்டம். 987இல் அந்த வம்சத்தின் முதல் அரசன் ஊக் கப்பே முடிசூடியது முதல் 1316 வரை, 329 ஆண்டுகள், அந்த வீட்டில் ஒவ்வோர் அரசனுக்கும் ஒரு மகன் மிஞ்சியிருந்தான். மகன் இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியே எழவில்லை. கேள்வி எழாத இடத்தில் சட்டம் எங்கிருந்து வரும்?

1316 ஜூனில் நான்காம் பிலிப்பின் மூத்த மகன், அரசன் பத்தாம் லூயி வின்சென் மாளிகையில் பந்தாட்டம் ஆடிக் களைத்து, வியர்வை அடங்குமுன் குளிர்ந்த மதுவைக் குடித்துப் படுத்தவன் எழவில்லை. வயது 26. முதல் மனைவி மார்கரெட்டின் மகள் ஜோனுக்கு நான்கு வயது. இரண்டாம் மனைவி கிளமென்சியா கர்ப்பிணி. லூயியின் தம்பி பிலிப் அப்போது லியோனில் இருந்தான். போப்பைத் தேர்ந்தெடுக்காமல் இழுத்தடித்த கார்டினல்களை ஒரு மடாலயத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் பாரிஸுக்குக் கிளம்பினான். ஆள் எப்படிப்பட்டவன் என்பதற்கு இது ஒன்று போதும்.

பாரிஸில் அவன் தன்னை ஆட்சிப் பொறுப்பாளன் ஆக்கிக்கொண்டான். ஜோனின் தாய்மாமன், பர்கண்டிப் பிரபு ஓடோ, மருமகளுக்காக நின்றார். ஜூலையில் உடன்பாடு எழுதினார்கள்: ஆண் பிறந்தால் அவனே அரசன், பெண் பிறந்தால் ஜோன் வயதுக்கு வரும்வரை அவளுடைய உரிமை அப்படியே காக்கப்படும். ‘பெண்ணுக்கு உரிமையே இல்லை’ என்று யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் பழமையான சட்டம் அந்த அறையில் யார் நினைவிலும் இல்லை.

நவம்பரில் ஆண் பிறந்தது. முதலாம் ழான். ஐந்து நாள் இருந்து இறந்தான். செயின்ட் டெனிஸ் ஆலயத்தில் தந்தைக்குப் பக்கத்தில் அவனுக்கும் கல்லில் ஓர் உருவம் செதுக்கியிருக்கிறார்கள். அதைப் பார்த்தால் ஐந்து நாள் சிசுவாகத் தெரியாது. சற்றே வளர்ந்த பிள்ளையாகத் தெரியும். (பின்னாளில் சியனாவைச் சேர்ந்த வணிகர் ஒருவர் ‘நான்தான் அந்தக் குழந்தை, மாற்றிவிட்டார்கள்’ என்று கிளம்பினார். அது தனிக் கதை.)

உடன்பாடு பேசியது பெண் பிறந்தால் என்ன என்பதைப் பற்றி. ஆண் பிறந்து இறந்தால் என்ன என்று அதில் இல்லை. அந்த ஓட்டைக்குள் சித்தப்பா நுழைந்தான். 1317 ஜனவரி 9, ரெய்ம்ஸில் முடிசூட்டு. நகரின் வாயில்களை அடைத்துக் காவல் போட்டுவிட்டு நடந்த விழா அது. சிறுமியின் பாட்டி ஆக்னஸ், புனிதர் எனப்பட்ட ஒன்பதாம் லூயி அரசனின் மகள், ஆட்சேபம் அனுப்பினார். சொந்தத் தம்பி சார்லஸே அன்று காலையில் கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விட்டான்.

விழாவில் அரசனின் தலைக்கு மேல் கிரீடத்தைத் தாங்கிப் பிடிப்பது பெரும் பிரபுக்களின் உரிமை. அன்று பிடித்த கைகளில் ஒரு பெண்ணின் கையும் இருந்தது: வட பிரான்சின் ஆர்த்துவா பகுதி ஆட்சியாளர் மஹோ, பிலிப்பின் மாமியார். சகோதரன் மகன் ராபர்ட் இருக்கும்போதே, ஆர்த்துவாவின் வழக்கப்படி பேரனைவிட மகளுக்கே முதல் உரிமை என்று வழக்காடித் தந்தையின் நிலத்தைப் பெற்றவர் அவர். லூயிக்கு விஷம் வைத்தார் என்று அவர்மேல் விசாரணைகூட நடந்தது, விடுவிக்கப்பட்டார். ஒரு பெண் குழந்தையைத் தள்ளிவிட்டு ஒருவன் முடிசூடுகிறான், அந்த முடியை மகளாக இருந்து சொத்து வாங்கிய ஒருத்தி தாங்குகிறாள். அன்றே சிலர் முகம் சுளித்தார்கள் என்று சரித்திரக் குறிப்புகள் சொல்கின்றன.

பிப்ரவரியில்தான், அதாவது கிரீடம் தலையில் ஏறிய பிறகுதான், பாரிஸில் சபை கூடி ‘பெண்கள் பிரான்சின் அரசுரிமைக்கு வாரிசாவதில்லை’ என்றது. தாய் மார்கரெட் கள்ளக்காதல் வழக்கில் 1314இல் சிறைப்பட்டவள் என்பதால் ஜோனின் பிறப்பைப் பற்றிய முணுமுணுப்பும் கைகொடுத்தது. இதில் பெரிய வேடிக்கை, பிரான்சின் தெற்கே பைரனீஸ் மலையோரம் இருந்த நவார் நாடு. அந்த நாட்டின் முடி அந்த வீட்டுக்குள் வந்ததே பிலிப்பின் தாய் வழியாக. அவர் அங்கே தன் சொந்த உரிமையில் ராணி. அதையும் சேர்த்தே எடுத்துக்கொண்டான்.

தாய்மாமன் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 1318இல் பிலிப் தன் மூத்த மகளை அவருக்குக் கட்டிக்கொடுத்தான். மாமன் மாப்பிள்ளையானார், வழக்கு முடிந்தது.

1322 ஜனவரியில் பிலிப் இறந்தபோது மிஞ்சியவர்கள் பெண்கள் மட்டுமே. கோபித்துக்கொண்டு போன அதே தம்பி சார்லஸ், அண்ணன் செய்த விதியைக் காட்டி அண்ணன் மகள்களை ஒதுக்கி அரசனானான். மருமகளை விட்டுக்கொடுத்த ஓடோ இப்போது மனைவிக்காக எந்த வாயால் பேசுவார்? 1328இல் சார்லஸும் போனான். மறுபடி ஒரு கர்ப்பிணி ராணி, மறுபடி ஒரு காத்திருப்பு. ஏப்ரல் 1 அன்று பெண் பிறந்தது. அரியணை சித்தப்பா மகன் பிலிப்புக்கு, வலுவா கிளைக்குப் போனது. இறந்த மூவரின் தங்கை இசபெல்லாவின் மகன் எட்வர்டுக்கு ‘தாய்க்கு இல்லாதது மகனுக்கு எப்படி வரும்’ என்று பதில் சொன்னார்கள். ஜோனுக்கு நவார் மட்டும் திரும்பக் கிடைத்தது. 1332இல் அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். தாய்வழி செல்லும் என்று வாதிட்டால், எட்வர்டைவிட அவனுக்கே முன்னுரிமை. எட்வர்டின் வக்கீல்கள் இதை ரசித்திருக்க மாட்டார்கள்.

சாலிக் சட்டம்? அது ஆறாம் நூற்றாண்டு ஃபிராங்குகளின் தொகுப்பு. பெரும்பகுதி அபராதப் பட்டியல். பன்றி திருடினால் எவ்வளவு என்பதை வகைவகையாகப் பிரித்துச் சொல்லும். நிலம் பற்றிய ஒரு பிரிவில் பெண்ணுக்குப் பங்கில்லை என்று ஒரு வரி வரும். 1358இல், அதாவது எல்லாம் முடிந்து முப்பது ஆண்டு கழித்து, ரிஷார் லெஸ்கோ என்ற செயின்ட் டெனிஸ் துறவி அந்தப் பிரதியைக் கையிலெடுத்தார். அரசவை வாதங்களில் அது பெரிய ஆயுதமானது அடுத்த நூற்றாண்டில்.

வகுப்பில் சொல்வதானால் தேதிகளை மட்டும் பலகையில் வரிசையாக எழுதிப்போடுங்கள்: 1317 ஜனவரி முடிசூட்டு, பிப்ரவரி தீர்மானம், 1358 சட்டம். எது முதலில் வந்தது என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

அன்புடன்.