பத்து நாள் கடல், மூன்று நாள் கரை: விசைப்படகு டிரைவரின் கோபமும் தூக்கமும்

கேள்வி: என் வீட்டுக்காரர் சென்னை காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். வயது 41. கடலுக்குப் போனால் திரும்பி வர எட்டு, பத்து நாள் ஆகும். கரையில் இரண்டு மூன்று நாள் இருப்பார். இரண்டு வருடமாகச் சின்ன விஷயத்துக்கும் கத்துகிறார். பகலில் தூங்குகிறார், ராத்திரி விழித்துக்கொண்டே இருக்கிறார். கரையில் இருக்கும் நாளெல்லாம் குடி. பாடு, அதாவது கிடைக்கிற மீன், சரியில்லாமல் வந்தால் பிள்ளைகளிடம்கூடப் பேசுவதில்லை. போன மாதம் ஒருநாள் என்னை அடிக்கக் கை ஓங்கினார். மீன்பிடித் தடைக்காலம் வேறு வரப்போகிறது. அந்த இரண்டு மாதத்தை எப்படி ஓட்டுவது என்று பயமாக இருக்கிறது. சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடியை மறக்கடிக்கும் மருந்து இருக்கிறது என்கிறார்கள். வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த மருந்தை வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் கொடுக்காதீர்கள்.

இப்படி ரகசியமாக விற்கிற பொடிகளில் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாமல் இருக்கலாம். சிலவற்றில் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருக்கக்கூடும். மருத்துவர்களும் அதைக் கொடுப்பதுண்டு. ஆனால் நோயாளியிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடு, இதயத்தையும் ஈரலையும் பரிசோதித்த பிறகுதான் கொடுப்பார்கள். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். உயிரே போகலாம். கடைசியாகச் சாப்பிட்டு இரண்டு வாரம் வரைக்கும் இந்த ஆபத்து இருக்கிறது. தனக்கு மருந்து கொடுத்திருப்பது தெரியாத ஒருவர் துறைமுகத்தில் நண்பர்களோடு குடித்துவிட்டுப் படகேறினால், நடுக்கடலில் அவரை யார் பார்ப்பது?

நீங்கள் எழுதியதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது தூக்கம். பகலில் தூக்கம், ராத்திரி விழிப்பு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். கோபம், குடி, பேசாமல் இருப்பது எல்லாவற்றுக்கும் அடியில் அதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இழுவைமடிப் படகில் வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மடியை, அதாவது பை போன்ற வலையை, கடலில் இறக்கிச் சில மணி நேரம் இழுக்கிறார்கள். பிறகு மேலே ஏற்றி, கொட்டி, தரம் பிரித்து, ஐஸ் போட்டு அடைக்கிறார்கள். உடனே அடுத்த இழுவை. ராத்திரி பகல் இல்லாமல் இது ஓடும்போது டிரைவருக்குக் கிடைப்பது துண்டு துண்டான தூக்கம்தான். கண் மூடியிருந்தாலும் காது இன்ஜின் சத்தத்திலேயே இருக்கும். சத்தம் கொஞ்சம் மாறினாலும் எழுந்துவிடுவார். சென்னைக்கு எதிரே சரக்குக் கப்பல்கள் போய்வரும் பாதையும் இருப்பதால் ராத்திரி வீல் பிடிப்பவருக்கு நிம்மதி ஏது? ஒருவர் தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரைப் போலக் கவனமும் கைவேகமும் குறைந்துவிடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம் நாட்டில் சாலையில் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 0.03 சதவீதம். அதாவது ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமலே, சாலையில் பிடித்து அபராதம் போடும் நிலையில் இருப்பவரைப் போலத்தான் அவர் படகை ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

இப்படிப் பத்து நாள் கழித்து வருகிற மனிதருக்கு எரிச்சலை அடக்கும் சக்தி மூளையில் குறைந்துபோயிருக்கும். தூக்கம் வருவதற்காகத்தான் குடிக்கிறேன் என்று பலர் சொல்வார்கள். குடித்ததும் கண் சொக்கும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தூக்கம் கலைந்துவிடும், ஆழ்ந்த தூக்கம் வராது. மறுநாள் களைப்பு இன்னும் கூடும், அதற்கு மறுபடியும் குடி.

இதைச் சரிசெய்வது வீட்டில் தொடங்காது, படகில்தான் தொடங்க வேண்டும். மூன்று நாளுக்கு மேல் கடலில் தங்கும் படகுகளில் 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2007-ஆம் ஆண்டு மீன்பிடித் தொழில் உடன்படிக்கை சொல்கிறது. நம் படகுகளில் நாளைக்கே அது நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தினமும் ஒரே நேரத்தில் நான்கு மணி நேரமாவது ஒரே மூச்சாகத் தூங்க முடிந்தால் உடம்பின் கடிகாரம் தடம் மாறாமல் நிற்கும். மீதியைக் குட்டித் தூக்கமாக ஈடுகட்டலாம். அதற்கு வீல் பிடிக்கத் தெரிந்த இன்னொருவர் படகில் இருக்க வேண்டும். இதை ஓனரிடம் உங்கள் கணவர் தனியாகக் கேட்டால் சோம்பேறித்தனம் என்று பேச்சு வரும். இரண்டு மூன்று படகு டிரைவர்கள் சேர்ந்து, படகின் பாதுகாப்புக்காக என்று கேட்கட்டும். படகு மோதினால் நஷ்டம் ஓனருக்கும்தான். எழுந்த உடனே வீலைப் பிடிக்காமல் பதினைந்து, இருபது நிமிடம் முகம் கழுவிவிட்டு உட்கார்ந்திருப்பது நல்லது. தூங்கப்போகும் முன் ஐந்தாறு மணி நேரத்துக்கு டீ, காபியைத் தவிர்க்க வேண்டும். அவர் பலமாகக் குறட்டை விடுகிறவர், நடுவில் மூச்சு நின்று திணறுகிறவர் என்றால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது தனி நோய், அதற்குத் தனி சிகிச்சை உண்டு.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அவருக்குக் காது சரியாகக் கேட்கிறதா? 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் வருடக்கணக்கில் வேலை பார்ப்பவர்களுக்குக் காது நரம்பு மெல்ல மெல்லக் கெடும். படகு இன்ஜின் அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும். முதலில் போவது மெல்லிய, உச்சக் குரல்களைக் கேட்கும் திறன். அதாவது பிள்ளைகளின் குரலும் உங்கள் குரலும். சொன்னதையே திரும்பக் கேட்பது, டிவியைச் சத்தமாக வைப்பது, சாதாரணப் பேச்சே கத்துவது மாதிரி இருப்பது, ராத்திரியில் காதில் 'ஙொய்' என்ற இரைச்சல் என்று இவை இருந்தால், நீங்கள் கோபம் என்று நினைப்பதில் ஒரு பகுதி கேட்காத காதாக இருக்கும். அவர் முதுகுப்பக்கம் நின்று சாதாரணக் குரலில் ஏதாவது கேட்டுப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பரிசோதனை செய்துகொள்ளலாம். போன செவித்திறன் திரும்பாது. ஆனால் இன்ஜின் அறைக்குள் போகும்போது காது மூடி போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

குடி பற்றிச் சொல்கிறேன். இதைக் கவனமாகப் படியுங்கள். கரையில் தினமும் நிறையக் குடிப்பவர் கடலில் குடிக்காமல் இருப்பதைப் பார்த்து, நினைத்தால் நிறுத்தக்கூடியவர்தானே என்று வீட்டில் நினைப்பார்கள். அங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது. குடிக்குப் பழகிய உடம்பு திடீரென்று அது கிடைக்காமல் போனால் சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துவிடும். இந்த நாட்களில் அவர் கரையிலிருந்து வெகுதூரத்தில், கைப்பிடியில்லாத படகு விளிம்பில் நிற்கிறார். முதல் இரண்டு மூன்று நாள் கடலில் கை நடுங்குகிறதா, தூக்கமே வருவதில்லையா என்று அவரிடமோ கூடப் போகிறவரிடமோ விசாரியுங்கள். ஆம் என்றால் குடியை அவராக ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. நிறுத்தச் சொல்லி நீங்கள் சத்தியம் வாங்கவும் கூடாது. மருத்துவர் மேற்பார்வையில், நடுக்கத்தைத் தணிக்கும் மாத்திரையும் தயாமின் வைட்டமினும் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும்.

அதற்கு ஏற்ற நேரம் நீங்கள் பயப்படுகிற தடைக்காலம்தான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வருடத்தில் வேறு எப்போது கேட்டாலும் 'இந்த ட்ரிப் முடியட்டும்' என்பார். இப்போது அந்தப் பேச்சு இல்லை. நடுக்கமும் குழப்பமும் அடங்கப் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள் போதும். அதற்குப் பிறகும் தொடர்ந்து போய்ப் பேச, மருந்தை மாற்றி அமைக்க ஒரு மாதத்துக்கு மேல் கையில் இருக்கும். உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது, அங்கே மனநலப் பிரிவுக்குப் போகலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு. கீழ்ப்பாக்கம் என்றதும் கூச்சப்படுவார், தெரியும். அதனால் தூக்கத்துக்காகவும் காதுக்காகவும் என்று சொல்லி அழைத்துப் போங்கள். அது பொய்யும் இல்லை. தூக்கம் வரவில்லை என்று சொல்ல எந்த ஆணும் வெட்கப்படுவதில்லை. மருத்துவர் கேட்கும்போது குடியைப் பற்றி அவரே சொல்லிவிடுவார். ரத்த அழுத்தம், சர்க்கரை, கண் மூன்றையும் அதே போக்கில் பார்த்துவிடுங்கள். உப்புக் காற்றிலும் வெயிலிலும் இருப்பவர்களுக்குக் கண்ணில் சதை வளர்வது சகஜம்.

பாடு இல்லாத நாளில் அவர் பேசாமல் இருப்பதற்குப் பணம் மட்டும் காரணமில்லை. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து மிச்சத்தில்தான் பங்கு. எந்த இடத்தில் மடி இறக்குவது என்று முடிவு செய்தது டிரைவர். மிச்சமே இல்லாமல் வந்தால் அத்தனை பேருடைய வீட்டிலும் அடுப்பெரியாததற்குத் தானே காரணம் என்று நினைத்துக்கொள்வார். ஓனரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் உடம்பு முடியவில்லை, இந்தத் தடவை வரவில்லை என்று சொல்லவும் முடியாது. முன்பணம் எவ்வளவு பாக்கி என்பது உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் வந்த அன்றைக்கு வேண்டாம். விடியற்காலை ஏலம் முடிந்து வீட்டுக்கு வருகிறவர் முதலில் குளித்துச் சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் தூங்கட்டும். சாயங்காலம் வரை தூங்கினால் ராத்திரி விழிப்புதான். ஸ்கூல் ஃபீஸ், கடன், சண்டை எல்லாம் மறுநாள்.

தடைக்கால நிவாரணமாகத் தமிழக அரசு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தருகிறது. சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் அரசுப் பங்கு 3,000 சேர்த்து 4,500 திரும்பக் கிடைக்கும். மீனவ மகளிருக்கும் இதே மாதிரி திட்டம் தனியாக உண்டு, நீங்கள் சேர்ந்திருக்கிறீர்களா என்று கூட்டுறவு சங்கத்தில் கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு இது போதாது, அதை மறைக்க வேண்டியதில்லை. அதோடு, இந்தப் பணம் வரும் தேதியை நம்பி வாடகைக்கோ வட்டிக்கோ வாக்குக் கொடுக்காதீர்கள். சங்கத்துக்குப் போகும்போது, விபத்துக் காப்பீட்டுப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மத்திய மீன்வளத் திட்டத்தின் கீழ் இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம் ரூபாய் கிடைக்கும், பிரீமியம் மீனவர் கட்ட வேண்டியதில்லை.

கை ஓங்கியது பற்றி. தூக்கமில்லை, பாடு இல்லை என்பதெல்லாம் அவருடைய எரிச்சலுக்குக் காரணமாக இருக்கலாம். உங்களை அடிப்பதற்கு அது காரணமாகாது. மேலே எழுதிய எதையும் அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குடித்திருக்கும்போது வாதம் செய்யாமல் பிள்ளைகளோடு அந்த இடத்தைவிட்டு நகருங்கள். ராத்திரியில் போக ஒரு வீட்டை முன்கூட்டியே பேசி வையுங்கள். அவர் மதிக்கிற ஒருவரிடம், உங்கள் அண்ணனோ அவருடைய அக்காவோ யாராவது, நடந்ததைச் சொல்லி வையுங்கள். மறுபடி நடந்தால் 181 மகளிர் உதவி எண் இருக்கிறது. உடனே ஆபத்து என்றால் 112.

அவர் இல்லாத பத்து நாளும் வீட்டை நீங்கள் ஒருத்தியே நடத்துகிறீர்கள். வந்ததும் அவர் கட்டளை போட, உங்களுக்கும் கோபம் வரத்தான் செய்யும். அதைப் பற்றிப் பேச 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவி எண்) நீங்களே கூப்பிடலாம். 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. அவர் சிகிச்சைக்கு வர மறுத்தாலும் நீங்கள் பேசலாம்.

'ஒருநாள் கடலிலேயே போய்விடுகிறேன்' என்கிற மாதிரி அவர் எப்போதாவது சொன்னால், குடிபோதையில் சொன்னாலும், வெறும் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். அப்படி நினைப்பு வருகிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. உண்மையென்று பட்டால் அவரைத் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். முன்பணம் எவ்வளவு பாக்கி இருந்தாலும் சரி, மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை அவர் படகேறக் கூடாது.