வேலிக்கு எந்தப் பக்கம்? சிங்கப்பூருக்குப் புதிதாக வந்த காரைக்குடித் தம்பிக்கு

தம்பி, எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்னும் உயர்நிலைப் பணியாளர் வேலை அனுமதியில் வந்திருக்கும் நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். சாலையில் ஃபெராரி ஓட, உணவங்காடியில் எழுபது வயது முதியவர் தட்டு எடுக்க, இன்னொரு புறம் அரசாங்கமே பெரும்பாலோருக்கு வீடு கட்டித் தரும் இது முதலாளித்துவ நாடா, சமவுடைமை நாடா என்பது முதல் கேள்வி. செல்வ ஏற்றத்தாழ்வைக் குறைக்க நம் பக்கத்திலும் இதைச் செய்யலாமா என்பது இரண்டாவது.

இந்த இரண்டு கொள்கைகளும் கட்டவிழ்ந்து ஓடினால் என்ன ஆகும் என்பதை நம் செட்டிநாடு ஒரே நாட்டில் கண்டது. அதனால் பர்மாவிலிருந்து தொடங்குகிறேன். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் கீழ்ப் பர்மாவின் நெல்லுக்கு வெளிச்சந்தை விரிந்தபோது, அந்தச் சாகுபடிக்குக் கடன் கொடுத்தவர்களில் முன்னின்றவர்கள் நம் பகுதியிலிருந்து சென்ற நகரத்தார். 1930ஐ ஒட்டி நெல் விலை சரிந்தது. கடனைத் திருப்ப முடியாத குடியானவர்களின் ஈட்டு நிலம் கைமாறியது. முக்கிய நெல் மாவட்டங்களில் அவ்வாண்டு ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த நகரத்தாரின் நிலவுடைமை 1937இல் 25 விழுக்காடாயிற்று. லேவாதேவிக்காரருக்கு வேண்டியிருந்தது ரொக்கமே தவிர வயல் அன்று. ஆயினும் நிலமிழந்தவன் கண்ணுக்குத் தெரிந்தது அயல்நாட்டு நிலக்கிழார் ஒருவர்தான். எல்லாம் சட்டப்படியே நடந்தது. பிறகு சமவுடைமையின் முறை வந்தது: 1948இல் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம், 1963இல் வங்கிகள், 1964இல் கடைகள். பறித்தவற்றைப் பகிர்ந்து அந்த நாடு செழித்ததா என்றால், 1987இல் ஐக்கிய நாடுகள் அவையின் மிகப் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் அது சேர்ந்தது.

சிங்கப்பூர் எதைச் சந்தையிடம் விடலாம், எதை விடக்கூடாது என்று பொருள்வாரியாகப் பிரித்துக்கொண்டது. சமநிலை என்று நான் கருதுவது இந்தப் பிரிவினையைத்தான். வணிகம், துறைமுகம், நிதி ஆகியவற்றில் உலக முதலாளியை வரவேற்று, தனிநபர் வருமான வரியின் உச்சத்தை 24 விழுக்காட்டில் நிறுத்தி, மூலதன ஆதாய வரியே இல்லாமல், 2008இல் மரபுரிமைச் சொத்து வரியையும் நீக்கிவிட்ட இதே அரசு, 1966ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தைக் கொண்டு தனியார் நிலத்தைச் சந்தை விலைக்கும் குறைவாக எடுத்து, 1960இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வழியாக அடுக்குமாடிகளைக் கட்டியது. இன்று குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் ஐவரில் நால்வர் அளவுக்கு வீவக வீடுகளில் வாழ்கிறார்கள். ஆளும் கட்சி 1976 வரை சோசலிஸ்ட் அனைத்துலகம் என்னும் உலகச் சமவுடைமைக் கட்சிகளின் அமைப்பில் உறுப்பினராக இருந்தது என்பதைச் சொன்னால் இங்கே பிறந்த பிள்ளைகளே நம்ப மறுக்கிறார்கள். பெயர்ப் பலகையைப் பார்த்து இந்த ஊரைப் புரிந்துகொள்ள முடியாது.

அந்த வீடு 99 ஆண்டுக் குத்தகை என்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் பெரிய வீடு என்றைக்கும் நிலைக்க வேண்டும் என்று கட்டப்பட்டது. இன்று அதற்குப் பல புள்ளிகள், அதாவது மணமான குடும்பங்கள், பங்கு. ஓடு மாற்றக்கூட எல்லாப் பங்காளிகளும் இசைய வேண்டும் என்பதால் பூட்டியே கிடக்கிறது. இங்கோ காலம் முடிந்தால் வீடு அரசிடம் திரும்புகிறது. பழைய வீடுகளில் இருப்போருக்கு இது பெருங்கவலை என்றாலும், வீட்டின் வழியாக வரும் செல்வம் தலைமுறை தலைமுறையாகக் குவியாமல் இது தடுக்கிறது. ஆனால் இந்தக் கடிவாளம் பாமர வீட்டுக்கு மட்டுமே. பங்குகளிலும், குத்தகைக் காலமில்லாத பங்களாக்களிலும் இருக்கும் செல்வம் தங்குதடையின்றிப் பிள்ளைகளுக்குப் போகிறது. நீங்கள் கண்ட ஃபெராரிக்காரர் வாகன உரிமைச் சான்றிதழுக்குப் பெருந்தொகை கட்டியிருப்பார், வெளிநாட்டவர் வீடு வாங்கினால் 2023 முதல் 60 விழுக்காடு கூடுதல் முத்திரை வரி, அவ்வளவுதான். வீட்டில் சமத்துவம், சொத்தில் இல்லை என்பது என் கணக்கு.

இனி உங்கள் நிலை. இந்த ஊரின் சமவுடைமைக்கு ஒரு வேலி உண்டு. நீங்கள் வெளியே நிற்கிறீர்கள். குடிமகனின் சம்பளத்துக்கு மேல் முதலாளி மத்திய சேமநிதியில் போடும் 17 விழுக்காடு உங்களுக்கு வராது. வீவக வீட்டை நீங்கள் வாங்க முடியாது. மருத்துவமனையில் மானியம் கிடையாது. வரி குறைவு என்று மகிழ்ந்து வாடகைக்கும் உணவுக்கும் செலவழித்துவிடாமல், சேமநிதிக்கு ஈடான தொகையை மாதந்தோறும் நீங்களே ஒதுக்குங்கள்; பெற்றோரை அழைத்துவருமுன் காப்பீடு எடுங்கள்.

உங்களையும் விட வேலிக்குத் தொலைவில் இருப்பவர்கள் வொர்க் பெர்மிட் என்னும் உடலுழைப்புத் தொழிலாளர் அனுமதியில் வந்து தங்குவிடுதியில் படுக்கும் நம் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள். அந்த அடுக்குமாடிகளைக் கட்டுவோர் அவர்கள். அவர்களுக்காக முதலாளி கட்டும் லெவி என்னும் தீர்வை அரசுக்குப் போகிறது. பலர் ஏஜெண்டுக்குக் கொடுப்பதற்காக வாங்கிய கடனை அடைக்கவே முதலில் உழைக்கிறார்கள். 2023 ஜூலை முதல் ஆளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி மருத்துவக் காப்பீட்டை முதலாளி எடுக்க வேண்டும் என்பது நல்ல விதி. ஆயினும் உள்ளே நிலவும் சமநிலைக்கான செலவில் ஒரு பங்கை இவர்கள் மலிவான உழைப்பாகச் செலுத்துகிறார்கள் என்பதே என் துணிபு.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இங்கே செய்ததுபோல் மலிவாக நிலத்தை எடுப்பது நம் நாட்டில் நடவாது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் சந்தை விலையைப் போல் பல மடங்கு இழப்பீடு கேட்கிறது, அது நியாயமும்கூட. வேலியில்லாத பகிர்வில் தமிழ்நாடு சிங்கப்பூருக்குப் பாடம் சொல்லலாம்: 2011 முதல் ரேஷன் கடையில் வறுமைக்கோடு பார்க்காமல் இலவச அரிசி கிடைக்கிறது. நம்மிடம் வரியிலிருந்து விடுபட்டிருப்பது மேல்தட்டுச் செல்வம். இந்தியா மரபுரிமைச் சொத்து வரியை 1985இலும் செல்வ வரியை 2015இலும் கைவிட்டது. புள்ளிக்கு இவ்வளவு என்று சமமாகக் கோயிலுக்குப் புள்ளி வரியும், வியாபாரத்தின் அளவுக்கேற்ப மகமையும் எடுத்துவைத்த ஊர்க்காரர்களுக்குச் செல்வத்தில் ஒரு பங்கைப் பொதுவுக்குக் கொடுப்பது அந்நியமான எண்ணமாக இருக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், பெரும் பங்கு முதலீடுகளும் நகர்ப்புற மனைகளும் கைமாறும்போது குறைந்த விகிதத்தில் மரபுரிமை வரியை மீண்டும் கொண்டுவந்து, அதை அமைப்புசாராத் தொழிலாளரின் சேமநிதிக்கு ஒதுக்குவேன். பங்காளிகள் பிரிக்கவும் விற்கவும் முடியாமல் வைத்திருக்கும் பெரிய வீடுகளுக்கு அதில் விலக்கு வேண்டும். இல்லையேல் வரி கட்டுவதற்காகத் தூணையும் நிலையையும் பெயர்த்து முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு அனுப்பிவிடுவார்கள், இப்போதே அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.